மவுஸைத் தொடாதவன்

03-06-2024

கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு அரைப்புள்ளியைத் தட்டினால் இன்றைய தேதி தானாக வந்து விழுகிறது. இதை ஐம்பத்திரண்டு வயதில் கண்டுபிடித்தவனுக்கு யாரும் சிலை வைக்கப்போவதில்லை. அதனால் எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

இன்று முதல் நாட்குறிப்பு எக்செல்லில். இருபது வருடமாக நோட்டில் எழுதியவன் மாறியதற்குக் காரணம் வேகம்தான், வேறொன்றுமில்லை. கடைசி நோட்டில் என் எழுத்து வர வரச் சிறுத்து, வரிக் கடைசியில் பூச்சி மாதிரி ஆகிவிட்டது. பேனா சரியில்லை. மூன்று பேனா மாற்றிப் பார்த்தேன், மூன்றும் மட்டம்.

வேகம் எதற்கு என்றால், நிவேதிதா மேடம் இன்று ஒரு குண்டு போட்டார். எங்கள் பம்ப் கம்பெனிக்கு ஆறு மாதம் முன்பு வந்த எச்.ஆர். ஆபீசர் அவர், வயது முப்பதுகூட இருக்காது. அக்டோபரில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் வருகிறதாம். அதற்குப் பிறகு டைம் ஆபீசுக்கு ஒரு ஆள் போதுமாம். இருப்பது இரண்டு ஆள், நானும் ஷாஜகானும். "யாரு ஃபாஸ்ட்டோ அவங்க இங்க இருக்கட்டும் சார். இன்னொருத்தர் கேட் ரிஜிஸ்டர் பாத்துக்கலாம்" என்றார்.

கேட் வேலை நல்ல காற்றோட்டமான வேலை. வேப்பமர நிழல் உண்டு. ஆனால் லாரி நம்பர், டிரைவர் பெயர், வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் கையால், கார்பன் வைத்து, அழுத்தி எழுத வேண்டும். எனக்கு வேப்பங்காற்று ஒத்துக்கொள்ளாது.

05-06-2024

மவுஸின் ஒயரைப் பிடுங்கி டிராயருக்குள் போட்டுவிட்டேன். வீர சபதம்.

ஷாஜகான் எட்டிப் பார்த்தான். முப்பத்து நாலு வயதுப் பையன், மவுஸ் பிடித்தால் எலி வளைக்குள் ஓடுகிற வேகம்.

"அண்ணா, மவுஸ் கெட்டுப்போச்சுங்களா? ஸ்டோர்ல சொல்லி வேற வாங்கித் தரட்டா?"

"மவுஸ் சோம்பேறிகளுக்குத் தம்பி. கீபோர்டுதான் வேலைக்காரனுக்கு."

சொன்னபோது எனக்கே புல்லரித்தது. உண்மை என்னவென்றால், கொஞ்ச நாளாக அம்புக்குறி சொன்ன கட்டத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. மேஜை ஆடுகிறது என்று நினைத்து அட்டையை மடித்துக் காலுக்குக் கீழே வைத்தேன். மேஜை நின்றுவிட்டது. அம்புக்குறி நிற்கவில்லை.

08-06-2024

மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் சாப்பாட்டு மேஜையில் பயிற்சி. கன்ட்ரோலும் கீழ் அம்பும் சேர்த்துத் தட்டினால் முந்நூற்றுப் பதினெட்டுப் பேரின் பட்டியலில் கடைசி ஆளிடம் போய் நிற்கலாம். கன்ட்ரோலும் ஹோமும் தட்டினால் முதல் ஆளிடம் திரும்பலாம். ஷிப்டும் ஸ்பேஸும் தட்டினால் ஒரு முழு வரிசையும் நீலமாகி நம் உத்தரவுக்குக் காத்து நிற்கும். இந்த வீட்டில் என் உத்தரவுக்குக் காத்து நிற்பது அது ஒன்றுதான்.

வசந்தாமணி காபி கொண்டுவந்து வைத்தாள். பாதி டம்ளர். கொஞ்ச நாளாகவே பாதிதான்.

"பால் தீந்துபோச்சா?"

"இல்லீங். குடிச்சிட்டுக் கேட்டா இன்னும் பாதி தர்றேன்."

இருபத்தேழு வருடக் குடும்ப வாழ்க்கைக்குப் பிறகு எனக்குக் காபி தவணையில் வருகிறது.

14-06-2024

போட்டி நடந்தது. மே மாத லீவு அறிக்கை. ஷாஜகான் பதினைந்து நிமிடம், நான் பதினொன்று. மேடம் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சார், செம! மவுஸே தொடலையே நீங்க!" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அடக்கமாகச் சிரிப்பது எப்படி என்று காலையில் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

வெட்ட, நகலெடுக்க, ஒட்ட, சேமிக்க என்று முக்கியமான விசைகள் எல்லாம் கீபோர்டின் இடது பக்கமே இருக்கின்றன. இடது கை மட்டுமே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுகிறது. இதை அமைத்த புண்ணியவானுக்கும் வலது கையில் ஏதோ இருந்திருக்கும்.

'புண்ணியவானுக்கும்' என்று எழுதிவிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை.

19-06-2024

வருடாந்திர மெடிக்கல் செக்கப் ஜூலை 17 என்று உத்தரவு வந்துவிட்டது. வழக்கமாக ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, "நடங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். இந்த வருடம் ஒவ்வொருவருக்கும் ஃபிட்னஸ் சான்றிதழாம். கண் பரிசோதனை உண்டாம். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லிப் பார்ப்பார்களாம்.

போன வருடம் அதே நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கு முந்தின வருடமும் ஒரு துக்கம் விசாரிக்கப் போக வேண்டியிருந்தது. இந்த வருடம் உறவில் யாரும் சாகிற மாதிரித் தெரியவில்லை.

பட்டியல் தயாரிக்க வேண்டியவன் நான்தான்.

20-06-2024

இன்றைய வேலை: மெடிக்கல் பட்டியல். மொத்த ஆட்களின் கோப்பிலிருந்து டோக்கன் நம்பர் வரிசையில் எடுத்தேன். எங்கள் கம்பெனியில் டோக்கன் என்பது சேர்ந்த வரிசை. என்னுடையது 412, சென்னியப்பன். ரிட்டயர் ஆனவர்கள், விட்டுப்போனவர்கள் நம்பரெல்லாம் காலி என்பதால் நடுவில் எத்தனையோ ஓட்டைகள். இன்னொரு ஓட்டை விழுந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

412-இல் நின்றேன். ஷிப்ட், ஸ்பேஸ். என் வரிசை நீலமானது. இடது கை கன்ட்ரோலில். மைனஸ் விசை வலது பக்கம் இருப்பதால் அதை மட்டும் வலது கை தட்டியது. கொஞ்சம் கூடுதலாகவே டிக் டிக் என்றது, கீபோர்டு பழசு. சேமித்து, மூடி, மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். மொத்தம் ஆறு நொடி. என்னை நானே கம்பெனியிலிருந்து எடுக்க இவ்வளவு குறைவான நேரம் போதும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

27-06-2024

பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் வைண்டிங் செக்‌ஷன் நாகரத்தினம் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றி, முனைகளைப் பற்ற வைக்கிற வேலை. இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால் நான் சேர்ந்த அதே காலையில், எனக்கு அடுத்து வரிசையில் நின்று சேர்ந்த பெண்மணி. கையில் ஒரு டிபன் பாக்ஸ், உள்ளே இனிப்புப் போளி.

"ஒப்பிட்டுங் சார். உங்களுக்குன்னே சுட்டேன்."

"என்ன விசேஷம்?"

குரலைத் தாழ்த்தினார். "போர்டைப் படிச்சுச் சொன்னாங், எம் பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டீங்களே. பக்கத்துல உக்காந்து வேலை செய்யறவளுகளுக்கே தெரியாதுங். நீங்க எப்படிங் சார் கண்டுபிடிச்சீங்க?"

"எதை?"

"கண்ணைத்தானுங். ரெண்டு வருசமா மூடாப்புப் போட்ட மாதிரித் தெரியுதுங். விரல்ல தடவித்தான் கம்பியைக் கண்டுக்கறேன். டெஸ்ட்டுல தெரிஞ்சா கூட்டற வேலைக்குப் போடுவாங். வைண்டிங் பண்ற கை விளக்கமாறு புடிக்குமாங்? நீங்க நல்லா இருக்கோணும்."

அவர் போனதும் பட்டியலைத் திறந்தேன். 411-க்கு அடுத்து 414. அவருடைய 413-ஐயும் காணோம். என் வரிசையை நீக்கியதும் அடுத்த வரிசை அந்த இடத்துக்கு ஏறி வந்து நீலத்தில் நிற்கும். இரண்டாவது டிக் அதைத் தின்றிருக்கிறது.

இதில் நான் செய்த பெரிய காரியம் என்னவென்றால், அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியதுதான். "பரவால்லீங்மா" என்றுகூடச் சொன்னேன்.

28-06-2024

ஒப்பிட்டு நன்றாக இருந்தது. இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.

02-07-2024

ஒரு கையெழுத்து வாங்கும் சாக்கில் வைண்டிங் செக்‌ஷனுக்குப் போனேன். நாகரத்தினம் கம்பி முனையைக் கட்டைவிரலால் தேடி, நகத்தால் தொட்டு, அதன் பிறகு பற்றவைக்கும் கோலைக் கொண்டுபோகிறார். கோல் சூடாக இருக்கிறதா என்று பார்க்க முகத்தை அருகே கொண்டுபோகிறார். எல்லோரும் அதைச் சிரத்தை என்று நினைக்கிறார்கள். நானும் இவ்வளவு நாள் அப்படித்தான் நினைத்தேன்.

413-ஐ மட்டும் திரும்பச் சேர்த்துவிடலாமா என்று யோசித்தேன். சேர்த்தால் அவர் வந்து, "ஏனுங் சார்?" என்பார். பதில் சொல்ல வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எந்த விசையும் தேவையில்லை, அதில்தான் நான் மகா வேகம்.

09-07-2024

பதினொன்றரை மணிக்கு வைண்டிங்கிலிருந்து அலறல். நாகரத்தினம் பற்றவைக்கும் கோலைச் சூடான முனைப் பக்கம் பிடித்துவிட்டார். நாலு விரலும் வெந்துவிட்டன.

முதலுதவி முடிந்ததும் விபத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியது டைம் ஆபீஸ். அதுவும் எக்செல்தான். தேதி, டோக்கன், பகுதி, காயம். கடைசிக் கட்டம் காரணம். சூப்பர்வைசர் போகிற போக்கில், "கவனக்குறைவுன்னு போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

'க' என்று ஒரே ஒரு எழுத்து தட்டினேன். மேலே உள்ள கட்டங்களைப் பார்த்து எக்செல்லே மிச்சத்தை நிரப்பிக் காட்டியது: கவனக்குறைவு. ஆறு வருடமாக இந்தப் பத்தியில் வேறு காரணமே வந்ததில்லை, எல்லாம் நான் ஏற்றியவை. என்டரைத் தட்டினால் முடிந்தது. ஒரு மாதமாக நான் தேடித் தேடிக் கற்ற எல்லாவற்றையும்விடச் சின்னக் குறுக்குவழி.

தட்ட முடியவில்லை. விரலைச் சொல்லவில்லை, எனக்குத்தான் முடியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு முதலுதவி அறைக்குப் போனேன்.

நாகரத்தினம் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் உங்களை நெனச்சு எடுக்கலீங்மா. என் பேரை எடுக்கப் போனேன். உங்களுது கூடவே போயிருச்சு. உங்க கண்ணு விசயம் நீங்க சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது."

அவர் முகம் சுருங்கிப்போனது. வெந்த கைக்கு அழாதவருக்குக் கண் கலங்கியது.

"அப்ப ஒப்பிட்டச் சும்மா வாங்கித் தின்னுபோட்டீங்?"

"ஆமாங்."

"உங்க பேரை ஏனுங் எடுத்தீங்?"

இதுதான் சொல்ல வேண்டிய நேரம். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் பத்திரமாக இருந்தது. "எனக்கு ஊசின்னா பயமுங்" என்றேன். ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, கை வெந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் சொன்ன பதில் இது. எழுதவே கூசுகிறது.

"நான் பட்டியல்ல மறுபடி ஏத்திக்கப்போறேன். உங்களுது நீங்க சொன்னா மட்டும்."

"போடுங் சார். ஒளிச்சு வச்சு என்னத்தைக் கண்டேன், கை வெந்ததுதான் மிச்சம்."

10-07-2024

பட்டியல் மேடத்திடம் போய்விட்டதால் அவர்தான் திறக்க வேண்டும். கதவைத் தட்டினேன்.

"விட்டுப்போச்சுன்னா ஆட் பண்ணிடலாம் சார், இதுக்கென்ன?"

"விட்டுப்போகலீங் மேடம். நான்தான் எடுத்தேன்."

"ரெண்டு பேரையுமா? ஏன்?"

"என்னுதை மட்டுந்தான் எடுக்கப் பாத்தேன். இன்னொண்ணு கையோட போயிருச்சு."

"புரியல சார். உங்க பேரை எதுக்கு எடுக்கணும்?"

விளக்கம் சொல்ல நான்கு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். மேஜையில் மூடி போட்டு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருந்தது. மூடி கிணுகிணுவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அவர் மூடியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு மூடியை எடுத்து ஓசைப்படாமல் காகிதத்தின் மேல் வைத்தார்.

"எவ்வளவு நாளா சார்?"

"ரெண்டு வருசத்துக்கு மேலங்."

"டாக்டர்?"

"பாக்கலீங்."

"அப்போ அந்த மவுஸ்... நீங்க எனக்கு ஷோ காட்டுறீங்கன்னு நெனச்சேன்."

"அதுவுந்தாங் மேடம்."

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கண்ணாடியில் பார்க்காத சிரிப்பு. இரண்டு பெயரையும் அவரே ஏற்றினார். விபத்துப் பதிவேட்டில் காலியாக விட்ட காரணக் கட்டத்தில் 'பார்வைக் குறைபாடு' என்று நான் ஏற்றினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டியிருந்தது.

சாயங்காலம் வசந்தாமணியிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "தெரியுமுங்" என்றாள். டம்ளர் நிறைந்தால் சட்டையில் சிந்துகிறது என்று போன தீபாவளியிலிருந்தே பாதி ஊற்றுகிறாளாம். நானாகச் சொல்லட்டும் என்று இருந்தாளாம். ஷாஜகானுக்கும் தெரியுமாம், பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது இவளிடம் விசாரித்தானாம். இரண்டு வருடத்துக்கு மேல் நான் ஒளித்துவைத்த ரகசியம் எனக்கு மட்டும்தான் ரகசியமாக இருந்திருக்கிறது.

17-07-2024

ஆடி பிறந்தது. மெடிக்கலும் முடிந்தது. "நானூத்திப் பன்னெண்டு, நானூத்திப் பதிமூணு" என்று சேர்த்தே கூப்பிட்டார்கள். கண் மேஜையில் நாகரத்தினம், டாக்டர் மேஜையில் நான். கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். பெரிய டாக்டருக்குச் சீட்டு எழுதினார். நாகரத்தினத்துக்குக் கண்புரை. இருபது நிமிட ஆபரேஷன், சரியாகிவிடும் என்றார்கள்.

இருபது நிமிடத்தில் போகிற ஒன்றை இரண்டு வருடம் ஒளித்திருக்கிறார். அவருக்காகச் சந்தோஷப்பட்டேன். பொறாமையும் பட்டேன்.

05-08-2024

நரம்பு டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். ஒரு பெயர் சொன்னார். ஆங்கிலப் பெயர், பிறகு எழுதுகிறேன். மாத்திரை மூன்று வேளை. கட்டுக்குள் இருக்கும் என்றார். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை, வசந்தாமணி கேட்டாள். அவர் அவளைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

கம்பெனிச் செய்தி: முகம் பார்க்கும் மெஷின் இந்த வருடம் வரவில்லையாம். யாரும் கேட்டுக்குப் போக வேண்டாம். வந்தாலும் எழுத்து வேலைக்கு உங்களை அனுப்ப மாட்டேன் என்று மேடம் தனியாகச் சொன்னார். வராத ஒரு மெஷினுக்குப் பயந்து நான் மனப்பாடம் செய்த விசைகள் மொத்தம் நாற்பத்து மூன்று.

26-08-2024

நாகரத்தினம் இன்று வேலைக்குத் திரும்பினார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்துவிட்டதாம், விரல்களும் ஆறிவிட்டன. வேலையில் சேரும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் இப்போதெல்லாம் கையை மறைப்பதில்லை, அதனால் வலது கையாலேயே ஜன்னல் வழியாக நீட்டினேன். படிவம் படபடவென்று அடித்துக்கொண்டது.

அவர் காகிதத்தை வாங்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். என் கையையே பார்த்தார்.

"ஏனுங் சார், கை ஏனுங் இப்படி ஆடுது?"

கம்பெனி முழுவதற்கும் தெரிந்த விஷயம். இவருக்கு மட்டும் தெரியாது. இவ்வளவு நாள் இந்த ஜன்னலில் அவர் பார்த்தது ஒரு மங்கலான சென்னியப்பனை.

"வியாதிங்மா. பார்க்கின்சன்னு பேரு."

முதல் தடவையாக அந்தப் பெயரை என் வாயால் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன்.

"எப்பச் சரியாகுமுங்?"

"ஆகாதுங்மா. மாத்திரை போட்டுக்கிட்டே இருக்கோணும்."

வசந்தாமணியிடம்கூட இந்த 'ஆகாது' என்ற சொல்லை நான் சொன்னதில்லை. சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் ஷாஜகான் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

நாகரத்தினம் கையை நீட்டிப் படிவத்தின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். காகிதம் ஆடாமல் நின்றது. அப்படியே பிடித்துக்கொண்டு, பெயர், டோக்கன், பகுதி, கீழே உள்ள பொடி எழுத்து வரை எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தார். எங்கேயும் கண்ணைச் சுருக்கவில்லை. அவர் படித்து முடிக்கும் வரை நான் என் ஓரத்தை விடவில்லை.